பெறுநர் இல்லை

பட்டிமன்றத்தில் பேசுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எந்த அணியில் உட்கார வைத்தாலும் பேசிவிடலாம். போன வாரம் சிவகிரியில் 'கூட்டுக் குடும்பமே சிறந்தது' என்று கண் கலங்கப் பேசிய வாய், இந்த வாரம் சுரண்டையில் 'தனிக்குடித்தனமே நிம்மதி' என்று பேசிக் கைதட்டல் வாங்கும். ஏன் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். இருபது வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். வாரநாட்களில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் 'நகைச்சுவைத் தென்றல் பாளை இசக்கியப்பன்'. தென்காசிப் பக்கம் பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருத்தர் எழுந்து இடம் கொடுப்பார்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த காரியத்தை எதற்காகச் செய்தேன் என்று தெரிய வேண்டுமே, அதற்காகச் சொல்கிறேன். அந்த இடத்தை நான் இழக்கத் தயாராக இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

எங்களுக்கு ஒரே பெண். கோமதி என்று பெயர், கோமு என்று கூப்பிடுவோம். வயது பதினாறு. என் வாய் அப்படியே அவளுக்கு. நாலாம் வகுப்பிலேயே தலைமையாசிரியை நடப்பதையும் இருமுவதையும் செய்து காட்டி அந்த அம்மாவிடமே மாட்டிக்கொண்டவள். மாட்டிய பிறகும் அடங்காமல், அவர் திட்டியதையும் வீட்டுக்கு வந்து செய்து காட்டினாள். என் மனைவி பகவதி தலையில் அடித்துக்கொண்டாள். நான் உள்ளுக்குள் கொண்டாடினேன்.

பதின்மூன்று வயதில், பள்ளியில் காலைப் பிரார்த்தனையில் நின்றவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது என்று டீச்சர் போனில் சொன்னபோது, வெயிலாக இருக்கும் என்றேன். அடுத்த வாரம் என் கண் முன்னாலேயே, தோசையைப் பிய்த்த கையோடு விழுந்தாள். அதற்குப் பிறகு வெயில் மேல் பழி போட முடியவில்லை.

எடுக்காத ஸ்கேன் இல்லை. எல்லாம் சுத்தமாக இருந்தது. காரணம் தெரியவில்லை என்பதற்கு டாக்டர்களிடம் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது, அதை எழுதிக் கொடுத்தார்கள். பெயர் கிடைத்ததும் நோயே பாதி குணமான மாதிரி நாங்களும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

முதல் மாத்திரையில் ஈறு வீங்கியது. வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டாவது மாத்திரையில் கோபம் வந்தது. சோற்றுத் தட்டை என் மேல் எறிந்துவிட்டு, எறிந்தது தான்தானா என்று தெரியாமல் அழுதாள். மூன்றாவது மாத்திரைதான் கேட்டது. வலிப்பு குறைந்தது, கூடவே கோமுவும் குறைந்தாள். பதினொரு மணி நேரம் தூங்கினாள். தலையணையில் முடி கொத்தாகக் கிடந்தது. ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு, "அம்மா, அது எங்க? அது... தண்ணி குடிப்போம்லா, அது" என்றாள். டம்ளர் என்ற சொல் அவளுக்கு வரவில்லை. பகவதி எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக் கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள், ஆனால் பெயரைக் கேட்கவில்லை. கேட்கக் கூச்சம்.

யார் நடப்பதையும் அவள் செய்து காட்டி ஒரு வருடம் ஆகியிருந்தது. அதை நான்தான் முதலில் கவனித்தேன்.

அப்போதுதான் நரம்பியல் டாக்டர் ஜெசிந்தா, "வேற வழி ஒண்ணு இருக்கு சார்" என்றார்.

"இடி விழுந்தா கட்டடத்தக் காப்பாத்த என்ன பண்ணுதோம்? ஒரு கம்பி வச்சு வேற பக்கமா இறக்கி விடுதோம்லா. இதுவும் அதேதான். கோமு மூளைக்குள்ள மின்னல் கிளம்புத முதல் ரெண்டு செகண்டுல கருவி கண்டுபிடிச்சிரும். கண்டுபிடிச்சு இன்னொரு ஆளுக்கு அனுப்பிரும்."

"ஆளுக்கா? ஏதாவது மெஷினுக்கு அனுப்பக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அனுப்பிப் பாத்தாச்சு. மெஷின்ல அது அடங்க மாட்டேங்கு. சுத்திச் சுத்தி பிள்ளைக்கே திரும்பி வந்துருது. அது அடங்கணும்னா இன்னொரு மூளை வேணும். ரத்த சொந்தமா இருக்கணும், முழுசா வளந்த மூளையா இருக்கணும்."

"வாங்குத ஆளுக்கு என்ன ஆகும்?"

"விழுவாங்க. ஒரு நிமிஷம், மிஞ்சிப் போனா ஒன்றரை நிமிஷம். எந்திரிச்ச பிறகு கொஞ்ச நேரம் தலை வலிக்கும். அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. பிள்ளைக்குத் தெரியக்கூடத் தெரியாது. மாத்திரைய கால்வாசியாக் குறைச்சிரலாம்."

"எனக்கு வைங்க டாக்டர்," என்றாள் பகவதி. அவர் முடிக்கும் முன்னாலேயே சொன்னாள்.

"உங்களுக்கு இதயத்துல வால்வு மாத்தியிருக்கும்மா. உங்களுக்குக் கூடாது."

பகவதி என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். அந்த அறையில் மிச்சமிருந்த ரத்த சொந்தம் நான்தான். "எனக்கு வைங்க" என்றேன். குரலில் ஒரு மேடைக் கம்பீரம் வந்தது எனக்கே கேட்டது.

கையெழுத்து வாங்கும்போது டாக்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "காந்தம் வச்சா உங்க கருவி நின்னுரும். ஸ்கேன் எடுக்கும்போது, அவசரத்துக்கு வண்டி ஓட்டும்போது வச்சுக்கிடலாம். ஆனா வைக்கதுக்கு முன்னால கோமுகிட்ட சொல்லணும். அவ கீழ படுத்துக்கிடணும். கால்வாசி மாத்திரையில இருக்க பிள்ளைக்கு அந்த நேரம் வந்தா முழுசா வரும். சொல்லாம வச்சியன்னு தெரிஞ்சா ரெண்டு பேர் கருவியவும் கழட்டிருவேன். மறுபடி முழு மாத்திரைதான். இதுல எங்கிட்ட சிபாரிசு கிடையாது."

எனக்கு நெஞ்செலும்புக்கு மேலே தோலுக்கடியில் சின்னதாக ஒன்று வைத்தார்கள். கோமுவுக்குக் காதுக்குப் பின்னால். அவள் கழுத்தில் டாலர் மாதிரி ஒரு பெட்டியும் மாட்டிவிட்டார்கள். பைக்கை விற்றுவிட்டுப் பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

முதல் மூன்று மாதம் நான் நல்ல அப்பாவாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு இல்லை. மாதத்துக்கு நாலைந்து தடவை விழுவேன். முதலில் வாயில் இரும்பு ருசி வரும், அப்புறம் ஒன்றும் தெரியாது. ஆசிரியர் அறையில் விழுந்திருக்கிறேன், குளியலறையில் விழுந்திருக்கிறேன். எழுந்ததும் கோமு என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்பேன். "கணக்குப் போட்டுட்டு இருந்தேன்ப்பா" என்பாள். அவள் கணக்கு நடுவில் நிற்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் தலைவலிகூடச் சுகமாக இருந்தது.

அவளுக்குச் சொற்கள் திரும்பி வந்தன. ஒவ்வொன்றாக இல்லை, மடை திறந்த மாதிரி வந்தன. ஒருநாள் சாயங்காலம் கூடத்தில் நின்று நான் மேடையில் பேசுவதைச் செய்து காட்டினாள். துண்டை இழுத்துவிடுவது, நடுவரை ஓரக்கண்ணால் பார்ப்பது, கைதட்டலுக்காக நான் வேண்டுமென்றே தண்ணீர் குடிப்பது. பகவதி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு வாசுதேவநல்லூர் வந்தது.

கோயில் கொடை விழா, மூவாயிரம் பேர் கூட்டம். 'மனிதனை வாழ வைப்பது பணமா, குணமா' என்று தலைப்பு. நான் குணத்தின் பக்கம். ஒரு நகைச்சுவையின் நடுவில் இரும்பு ருசி வந்தது. மைக்கோடு விழுந்தேன். கூட்டம் சிரித்தது. நான் துடிக்கத் துடிக்கச் சிரித்தது. விழுந்து காட்டுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். விசில் அடித்தார்கள். பிறகு எவரோ ஓடிவந்து என் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் திணித்தார்கள். கண் விழித்தபோது ஊரில் பாதி வீட்டுச் சாவி என் கையில் இருந்தது. வேட்டி நனைந்திருந்தது. வெள்ளை வேட்டி. முன்வரிசையில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பின்னால் குத்துப்பாட்டுச் சேர்த்து அதை வீடியோவாக விட்டார்கள். என் வகுப்புப் பையன்கள் பார்த்திருந்தார்கள். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பின்னால் ஒருவன் மேசையைத் தடதடவென்று ஆட்டுவான். சர்க்கரை குறைந்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். மகளுக்காக விழுந்தேன் என்று சொன்னால் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பெண் பிள்ளைக்கு வலிப்பு என்று ஊருக்குச் சொல்ல முடியுமா? நாளைக்கு அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டாமா? அப்படித்தான் அப்போது யோசித்தேன். எதற்கு வெட்கப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் வெட்கப்பட்டேன்.

எங்கள் குளிர்பதனப் பெட்டிக் கதவில் திருச்செந்தூரில் வாங்கிய மயில் ஒன்று ஒட்டியிருக்கும். பின்னால் காந்தம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேடை ஏறுவதற்கு முன், கழிப்பறையில் நின்று, பனியனுக்குள் துணியில் சுற்றி ஊக்கு குத்தினேன். கோமுவிடம் சொல்லவில்லை. சொன்னால், அப்பா உன்னை இன்றைக்கு மூன்று மணி நேரம் தனியாக விடப்போகிறேன் என்றல்லவா சொல்ல வேண்டும்? அந்த வாக்கியம் எனக்கு வரவில்லை. இத்தனை பேசுகிறவனுக்கு அது மட்டும் வரவில்லை.

எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது. மாதத்தில் எழுநூற்றிருபது மணி நேரம். அதில் ஐந்து தடவை. நான் காந்தம் வைப்பது வாரத்துக்கு மூன்று மணி நேரம். எங்கே வந்துவிடப்போகிறது? வேதியியல் வாத்தியாருக்கு இந்த அளவு கணக்குத் தெரியாதா? ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

போன மார்கழியில், ஒரு வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஒரு தொலைக்காட்சியிலிருந்து போன் வந்தது. பொங்கல் சிறப்புப் பட்டிமன்றம், மதுரையில் ஒளிப்பதிவு, பேச வேண்டியவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அண்ணாச்சி, கார் அனுப்பியாச்சு. உடனே கிளம்புங்க." இருபது வருடமாக நான் காத்திருந்த போன் அது. பள்ளிக்கு விடுப்புச் சொன்னேன். கோமு இன்னும் எழுந்திருக்கவில்லை. மயிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தலைப்பு: 'பிள்ளைகளுக்காக அதிகம் விட்டுக்கொடுப்பவர் தாயா? தந்தையா?' நான் தந்தையின் பக்கம்.

அன்றைக்குப் பேசின மாதிரி என்றைக்கும் பேசியதில்லை. "தாய் பத்து மாதம் சுமந்தாள், ஒத்துக்கொள்கிறேன். இறக்கி வைத்தாள் அல்லவா? தகப்பன் இறக்கி வைக்கவே இல்லையே!" என்றேன். கைதட்டலில் மண்டபம் அதிர்ந்தது. நடுவில் வழக்கமான என் மகள் நகைச்சுவையையும் போட்டேன். "ஞாயிற்றுக்கிழமை ஆனா எம் மக தரையை விட்டு எழும்ப மாட்டா சார். வயித்துக்கு அடியில தலையணை, தலைக்கு அடியில தலையணை. பாய் வியாபாரிக்குத்தான் கட்டிக்கொடுக்கணும்!" எல்லா ஊரிலும் எடுபடுகிற நகைச்சுவை அது. அங்கேயும் எடுபட்டது. நடுவர் தந்தையே என்று தீர்ப்புச் சொல்லி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

காருக்கு வந்து போனை எடுத்தேன். பகவதியிடமிருந்து பதினாலு அழைப்புகள்.

கோமு பள்ளிக்கூட மாடிப்படியில் விழுந்திருந்தாள். முகவாயில் ஆறு தையல், முன்பல் பாதி உடைந்துவிட்டது. டாக்டர் ஜெசிந்தா அவள் கழுத்துப் பெட்டியைக் கணினியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பொன்னாடையைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"அனுப்பியிருக்கு சார். பதினொன்னு இருபதுக்கு அனுப்பியிருக்கு. வாங்கத்தான் ஆள் இல்ல. இங்க பாருங்க, 'பெறுநர் இல்லை'ன்னு பதிஞ்சிருக்கு. பெட்டியில ஒருநாள் பதிவுதான் நிக்கும். ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். அப்போ எங்க இருந்திய?"

"மதுரையில டாக்டர்... அங்கன டவர் சரியாக் கிடைக்கல," என்றேன்.

"மதுரையிலயா?" என்றார். கணினியை விட்டு என் பக்கம் திரும்பினார்.

உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடமாவது கிடைத்தது. சொன்னால் கருவியைக் கழற்றுவார், கோமு மறுபடி முழு மாத்திரைக்குப் போவாள். அவளுக்காகத்தான் வாயை மூடியிருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த அறையில் பகவதி இருந்தாள், ஒரு நர்ஸ் இருந்தாள். அவர்கள் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

அப்போது கோமு, தையல் போட்ட வாயைத் திறக்க முடியாமல், "நான்தான் டாக்டர்" என்றாள். "காலையில பெட்டிய நோண்டிட்டு இருந்தேன். அப்பா கருவியோட இருக்க இணைப்பக் கழட்டி மாட்டிப் பாத்தேன். சரியா மாட்டல போல."

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா?" பகவதி கத்தினாள். "உங்கப்பா உனக்காவ நடுத்தெருவுல விழுந்து எந்திரிக்காவ. உனக்கு அதுல விளையாட்டா?"

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைத் திட்ட ஆரம்பித்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் கழற்றிவிடுவதாகச் சொன்னார். கோமு தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், உடம்பெல்லாம் லேசாகி ஒரு நிம்மதி வந்தது. நிஜமாகவே அவள் நோண்டியிருப்பாள் என்று ஒரு நிமிடம் நம்பக்கூடச் செய்தேன். அதோடும் நிற்கவில்லை. அவள் தோளில் கை வைத்து, "இனிமே பாத்து இருந்துக்கோம்மா" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் பகவதி அவளை நிற்கவிடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அதே பேச்சு, பல் டாக்டரிடம் போனால் அதே பேச்சு. "பெட்டிய நோண்டுனியா?" என்று காலையில் எழுந்ததும் கேட்பாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். அதே ஒரு மாதத்தில் நாலு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தன. இரண்டுக்குத் தலைவலி என்று சொல்லிப் போகவில்லை. மூன்றாவதற்குப் போனேன். மயிலையும் கொண்டுபோனேன்.

பொங்கலன்று காலை பத்து மணிக்கு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. பகவதி பொங்கல் எடுத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கப் போயிருந்தாள். கூடத்தில் நானும் கோமுவும்தான். அவள் கரும்பைக் கடிக்க முடியாமல் கத்தியால் சீவித் தின்றுகொண்டிருந்தாள். பாதிப் பல்லோடு, என் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் சிரித்தாள். நிஜமாகச் சிரித்தாள். அவளுக்கு நடிக்கத் தெரியும், ஆனால் அது நடிப்பு இல்லை.

திரையில் நான், "ஞாயிற்றுக்கிழமை ஆனா எம் மக தரையை விட்டு எழும்ப மாட்டா சார்" என்றேன். மண்டபம் சிரித்தது.

"இந்த இடத்துலதான்ப்பா," என்றாள் கோமு.

"என்னது?"

"உங்களுக்குப் பின்னால சுவத்துல கடிகாரம் இருக்கு பாருங்க. பதினொன்னு இருபது. இந்த ஜோக்குக்குத்தான் நான் விழுந்திருக்கேன்."

சொன்ன குரலில் ஒன்றும் இல்லை. மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொன்ன மாதிரி இருந்தது. நான் ரிமோட்டைத் தேடினேன். அது என் மடியில்தான் கிடந்தது.

"கோமு..."

"டவர் இல்லாம இல்லப்பா. நீங்க ஆஃப் பண்ணுனா எனக்குத் தெரியும்." கழுத்துப் பெட்டியை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் நகக்கண் அளவு ஒரு சின்னத் திரை இருந்தது. "நீங்க இல்லன்னா ஒரு தடவ உதறும். இங்கன 'பெறுநர் இல்லை'ன்னு வரும். இத மாட்டி விடும்போதே எங்கிட்ட சொன்னாங்க. நீங்க அப்போ மயக்கத்துல இருந்தீங்க."

"எப்போ இருந்து தெரியும்?"

"வாசுதேவநல்லூருக்கு அடுத்த ஞாயிறு. மொதல்ல பயந்துட்டேன், உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு. அப்புறம் சாயங்காலம் சிரிச்சிட்டே வந்தீங்க. அடுத்த ஞாயிறும் உதறிச்சு. அப்போ புரிஞ்சிட்டு." கரும்புச் சக்கையைத் துப்பினாள். "அதான் ஞாயித்துக்கிழமை கீழயே படுத்துக்கிடுவேன். பக்கத்துல ஒண்ணும் வச்சுக்கிட மாட்டேன். சுத்தித் தலையணைய வச்சுக்கிடுவேன்."

திரையில் இருந்தவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். தரையில் கிடக்கிற என் பிள்ளையை நான் நாற்பது ஊரில் விற்றிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. செவிட்டில் அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"எப்பவாவது... ஞாயித்துக்கிழமை வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவ. அம்மா சந்தைக்குப் போயிருந்தாங்க. எந்திரிச்சு மூஞ்சி கழுவி, பாவாடைய அலசிப் போட்டுட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கறதாலதான். உதறும்போது வகுப்புல இருந்தேன், படுக்க முடியல. அப்புறம் படியில இறங்கும்போது, உக்காருததுக்குள்ள வந்துட்டு."

"ஏம்மா டாக்டர்கிட்ட சொல்லல? அம்மாகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா கழட்டிருவாங்கல்லா?" என்னை ஒரு மந்த மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "முழு மாத்திரைல போட்டுருவாங்க. அதுல எனக்கு நான் என்ன நெனைக்கேன்னே தெரியாதுப்பா. டம்ளருக்குப் பேர் தெரியாம நின்னேன்ல? அதுக்கு இது எவ்வளவோ மேலு. வாரத்துல மூணு மணி நேரம்தானே நீங்க இருக்க மாட்டீங்க. மத்த நேரம் எல்லாம் இருக்கீங்கல்லா?"

நான் அழுதேன். அவள் முன்னால் அழக்கூடாது என்று எழுந்தேன், எழுந்தவன் எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்று அழுதேன். "நான் இனிமே போகல கோமு. மேடை வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

"சும்மா இருங்கப்பா. மேடை இல்லாம உங்களால முடியாது," என்றாள். குத்திக்காட்டவில்லை. என்னைத் தெரிந்து சொன்னாள். "அந்த வீடியோவ நானும் பாத்தேன். அவங்க சிரிச்சது என்னப் பாத்துதானே? அங்க விழுந்தது என் வலிப்புதானே? இன்னொரு தடவ நீங்க அப்படி விழுத நான் பாக்க மாட்டேன். நீங்க காந்தம் வைங்க. ஆனா சொல்லிட்டு வைங்கப்பா. அவ்வளவுதான் கேக்கேன். நான் கீழ உக்காந்துக்கிடுதேன்."

கண்ணீரைத் துடைத்துக்கொண்டேன். அப்போதாவது எனக்கு ஒரு வாக்கியம் வந்திருக்க வேண்டும். நீ சொன்னாலும் நான் போகப்போவதில்லை என்று ஒரே ஒரு வாக்கியம் போதும். அதை எந்த மேடையிலும் நான் கண் மூடிச் சொல்வேன், கைதட்டலும் வாங்குவேன்.

அவள் அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வர்ற ஞாயிறு எங்க?"

"சங்கரன்கோவில்," என்றேன். என் வாய்தான் சொன்னது.

"எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு ஏறுவோம். பன்னிரண்டுக்கு முடிஞ்சிரும்."

"முடிஞ்ச உடனே எடுத்துருவீங்களா?"

"சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவாங்க. பந்தியில நாலு பேரு கூட இருப்பாங்க..."

"அப்போ ஒன்றரை," என்று சொல்லி, நோட்டில் தேதியைப் போட்டு, பத்து முதல் ஒன்றரை வரை என்று எழுதினாள். அவள் கையெழுத்து நன்றாகத் திருந்தியிருந்தது. மாத்திரை நாட்களில் கோணல் மாணலாக இருக்கும்.

"வேண்டாம் கோமு, நான் சாப்பிடாம வந்துருதேன். மேடைய விட்டு இறங்குன உடனே எடுத்துருதேன். பன்னிரண்டுன்னு போடு," என்றேன்.

அவள் எழுதியதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஒன்றரையே இருக்கட்டும்ப்பா," என்றாள். "நீங்க மறந்துருவீங்க."

பேனாவை மூடி நோட்டுக்குள் வைத்துவிட்டு, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தாள். நடுவர் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.